பேய் தும்முகிறது

சுவரை ஊடுருவிப் போகப் பார்த்த பேய் நெற்றியில் இடித்துக்கொண்டு, கிளம்பிய தூசியில் தும்முகிறது. நான் வாய்விட்டுச் சிரிக்கிறேன். பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கும் பகல்காட்சி அரங்கில் அந்தச் சிரிப்பு கூரை வரை போய்த் திரும்புகிறது. முன்வரிசையில் இரண்டு தலைகள் திரும்பிப் பார்க்கின்றன. பக்கத்தில் பாப்கார்ன் பொட்டலத்தை மடியில் வைத்து, கைகளைக் கட்டிக்கொண்டு, திரை வெளிச்சத்தில் நீலம் பாரித்த முகத்தோடு என் கணவர். நடுங்க வேண்டும் என்றே டிக்கெட் எடுத்தவர். வயிறு வலிக்கச் சிரிக்கலாமென்று கூட வந்தவள் நான். "பேய்ப்படம்னு வந்தா, பேய்க்கு ஜலதோஷமாம்" என்று முனகுகிறார். "பாவம், அதுக்கு ஆவி பிடிக்கவும் வழியில்ல" என்கிறேன். "மெதுவா சிரியேன், எல்லாரும் பாக்கிறாங்க." இந்த 'மெதுவா' எனக்குப் பழக்கம். பஸ்ஸில், கடைத்தெருவில், அவருடைய அக்கா வீட்டுக் கூடத்தில், எங்கே சிரித்தாலும் முழங்கையில் ஒரு கிள்ளலோடு வரும். சிரிப்பு பாதியில் தொண்டைக்குள் இறங்கிவிடும். திரையில் பேய் தன் நீளக் கூந்தலில் மூக்கைத் துடைக்கிறது. இதோ, கிள்ளலும் வந்துவிட்டது. நான் நிறுத்தவில்லை. கண்ணில் நீர் முட்டச் சிரிக்கிறேன். பின்வரிசையில் முகம் தெரியாத ஒரு பெண்ணும் சேர்ந்துகொள்கிறாள். இடைவேளை விளக்குகள் எரிகின்றன. அவர் எழுந்து சட்டையை உதறுகிறார். "கெளம்பு. இதுல என்ன இருக்கு?" அவர் கையிலிருக்கும் பாப்கார்ன் பொட்டலத்தை வாங்கிக்கொள்கிறேன். "உங்க பேய் இன்னைக்கு லீவு போல. வீட்டுச் சாவி உங்ககிட்டதான இருக்கு, போங்க. என் பேய் இன்னும் தும்மி முடிக்கல." அவர் விட்டுப்போன இருக்கையில் கைப்பையை வைத்து, கால்களை நீட்டிக்கொள்கிறேன்.