நட்சத்திரங்களின் வரலாறு

வானம் முழுக்க விளம்பரம் ஓடத் தொடங்கியதும் வானியலாளர் இளம்பரிதிக்கு வேலை போயிற்று. முன்பு பார்த்ததையெல்லாம் நினைவிலிருந்து எழுதி, 'நட்சத்திரங்களின் வரலாறு' என்று வெளியிட்டார். புத்தகக் கண்காட்சியில் அதை மாயாஜாலக் கதைகளோடு அடுக்கினார்கள். பரிசும் கொடுத்தார்கள்.

"கதை இல்லீங்க, நெசம்!" என்று மேடையில் கத்தினார். கைதட்டல் அடங்கவே இல்லை.

ஒரு மார்கழி மாலையில் விளம்பரங்கள் பழுதாகி அணைந்தன. மொட்டைமாடிக்கு ஓடினார். கார்த்திகைக் கூட்டம், திருவாதிரை, எல்லாம் அப்படியே இருந்தன. அழுதுகொண்டே மகளைக் கூப்பிட்டார்.

அவள் அண்ணாந்து பார்த்துக் கொதித்தாள். "அப்பா, உங்க கதைய அப்படியே காப்பியடிச்சிருக்கானுங்க!"

அவர் வாயைத் திறப்பதற்குள் பதிப்பாளருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். சற்று நேரத்தில் பதிப்பாளரே திரும்ப அழைத்தார்.

"கவலைப்படாதீங்க சார். கோர்ட்ல ஸ்டே வாங்கியாச்சு. மூடிட்டாங்க, பாருங்க."

தலைக்கு மேலே பற்பசை விளம்பரம் பல்லை இளித்தது.