ஜோடிக்கோழி

"உன் கோழிங்களால என் கொழந்த ஒடம்பெல்லாம் தடிச்சிப் போய்கீது. அதுங்கள தொலச்சிடு. இல்லாங்காட்டி வூட்டுக்காரம்மா கைல சொல்லி உன்ன காலி பண்ண வெப்பேன்!"

ஹில்டாவின் குரல் கல்மண்டபம் வரைக்கும் கேட்டிருக்கும்.

ஆஸ்பத்திரி கம்பவுண்டர் குழந்தையைப் பார்த்ததுமே சொல்லியிருந்தார்: "கோழிப்பேன் கடிச்சிருக்கு. களிம்பு தடவி என்ன பிரயோஜனம்? கோழியப் பாருங்க."

பக்கத்துப் போர்ஷன் பச்சையம்மா காசிமேட்டில் மீன் விற்கிறவள். "என் கோழிங்க தெனமும் சாம்பல்ல பொரளுதுங்க. கூண்டுக்கு மண்ணெண்ண தடவறேன். உன் கட்டிலுக்கு அடில ஒரு புள்ளிக்கோழி படுக்குதே, அத்தப் பாத்தியா?"

"அது தீர்த்தம் தெளிச்ச கோழி. அதுக்கெல்லாம் பேன் வராது!"

பச்சையம்மா அழுகிற குழந்தையை ஒருதரம் பார்த்தாள். மறுநாள் ஆறு கோழிகளையும் வியாசர்பாடியில் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு வந்தாள்.

ஒரு வாரம் ஆயிற்று. கோழிகள் போயின. தடிப்பு போகவில்லை.

ஒரு மத்தியானம் ஹில்டா கதவைச் சாத்திக்கொண்டு புள்ளிக்கோழியின் இறகை விலக்கினாள். பொடிப்பொடியாய் ஊர்ந்தது. அவள் கையிலும் ஏறியது.

வெளியே சொன்னால் மானம் போய்விடுமே!

நல்லவேளை, அந்தோணியார் திருநாள் வந்தது. கோழியின் காலில் சிவப்பு ரிப்பன் கட்டி, கோயிலில் நேர்ச்சையாகக் கொடுத்துவிட்டாள். சாயங்காலம் ஏலத்தில் யாராவது எடுப்பார்கள். அவர்கள் வீட்டிலும் குழந்தை இருக்கலாம். அதை அந்தோணியார் பார்த்துக்கொள்வார்.

"முட்டையிடுற கோழியவே குடுத்துட்டியேம்மா, பெரிய மனசு!" என்றார் உபதேசியார். ஹில்டா அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்து பாயை வெயிலில் போட்டாள். தரையைக் கழுவினாள். ரொம்ப நாளைக்கப்புறம் குழந்தை அழாமல் தூங்கியது.

அவள் புருஷன் லூயிஸ் ஹார்பர் வேலை முடிந்து, நேரே கோயிலுக்குப் போய்விட்டு, பொழுது சாயும்போது வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. கக்கத்தில் சிவப்பு ரிப்பன் ஆடியது.

"ஏலத்துல தோஸ்துங்க வெலய ஏத்திகினே வந்தானுங்க. வுட்டனா நானு? அச்சு அசலா நம்ம புள்ளிக்கோழி மாதிரியே கீது, ஹில்டா! அதுக்கு ஜோடியா இருக்கட்டும்னு எடுத்தாந்தேன். கோயில் கோழி, கொழந்த பக்கத்துலயே படுக்கட்டும். அரிப்பெல்லாம் ஓடிப்பூடும்."

கோழி அவன் கையிலிருந்து குதித்தது. யாரும் வழி காட்டாமலே கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்தது.

கொஞ்ச நேரத்தில் ஹில்டா பச்சையம்மா வாசலில் நின்றாள்.

"யக்கா... கொஞ்சம் சாம்பல் கீதா?"

பச்சையம்மா உள்ளேயிருந்து ஒரு முறம் நிறையக் கொண்டுவந்து நீட்டினாள்.

"என் கோழிங்கள வுட்டுட்டு வந்த அன்னிக்கே உனக்குன்னு சலிச்சி வெச்சிட்டேன். தீர்த்தம் தெளிச்ச கோழியாச்சே, ரெண்டு கை சேத்தே தடவு!"