மூன்றாவது சொல்

சாப்பாட்டு மேஜையில் ஆங்கில வாத்தியார் வகுப்பு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருக்கிறார். நாற்பது நோட்டு, எல்லாவற்றிலும் அதே ஐந்து சொற்கள், பொருள், சொந்த வாக்கியம். மாலை வெயில் சிவப்புப் பேனாவின் மேல் வழுக்குகிறது. எதிரே மாமியார் செய்தித்தாளை விரிக்கிறார். அதில் வாத்தியாரின் சகலை, கண் டாக்டர், இரண்டு பத்தி அகலத்துக்குச் சிரிக்கிறார். “மாப்பிள்ளை, நம்ம சின்ன மாப்பிள்ளையை ‘எமினென்ட்’ டாக்டர்னு போட்டிருக்கான். அப்படின்னா என்ன? நீங்கதானே இங்கிலீஷ் வாத்தியார்.” பேனா நிற்கிறது. “நாலு பேருக்குத் தெரிஞ்சவர்னு அர்த்தம், அத்தை.” “அவ்வளவுதானா?” மாமியாரின் முகம் வாடுகிறது. “அவ்வளவேதான்.” வயிற்றெரிச்சல் சற்றே தணிய, வாத்தியார் அடுத்த நோட்டைப் புரட்டுகிறார். மகளுடையது, அவளும் அவர் வகுப்புதான். மூன்றாவது சொல், எமினென்ட். பொருள்: தன் துறையில் தலைசிறந்து விளங்குகிற. அவரே கரும்பலகையில் எழுதிப்போட்டது, ஓர் எழுத்து பிசகவில்லை. வாக்கியம்: என் சித்தப்பா ஓர் எமினென்ட் டாக்டர். அவர் பிழை தேடுகிறார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியும் கிடைக்கவில்லை. முற்றுப்புள்ளிகூட அதன் இடத்தில் உருண்டையாக உட்கார்ந்திருக்கிறது. மகள் நாற்காலிக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்க்கிறாள். “சரியாப்பா?” மாமியாரும் தலையைத் தூக்குகிறார். வாத்தியார் கடுகளவுக்கு ஒரு டிக் போடுகிறார். பிறகு அதன் கீழே, பக்கத்தை அடைத்துக்கொண்டு, சிவப்பில் பெரிதாக எழுதுகிறார்: கையெழுத்து மோசம்.