ஏழாம் நம்பர் மட்டை

கோல்ப் கடையில் மூன்று இரும்பு மட்டைகளை மாற்றிப் பார்த்தாயிற்று. மிருதுளா அடித்த அடி ஒவ்வொன்றும், பந்து படும் இடம் தெரிவதற்காக மட்டையில் ஒட்டியிருந்த தாளின் ஓரத்திலேயே பதிந்தது. அடுத்த மாதம் மாநிலப் போட்டி. பின்னால் உட்கார்ந்திருந்த அப்பா தொண்டையைச் செருமும்போதெல்லாம் அவள் தோள் இறுகியது.

மட்டை பொருத்தித் தரும் செபாஸ்டியன் முகம் துடைக்க ஒரு துணியை வீசினார். அவள் இடக்கையால் பிடித்தாள். அவர் உள்ளே போய், இடக்கைக்காரர்களுக்கான ஏழாம் நம்பர் மட்டையைக் கொண்டுவந்து நீட்டினார்.

"அது அவளுக்கு வேணாங்க" என்றார் அப்பா.

"ஒரே ஒரு அடி சார்."

அடித்தாள். சத்தமே வேறாக இருந்தது. தாளின் நட்டநடுவில் ஒரு வட்டம் விழுந்திருந்தது.

"சின்ன வயசுலயே கைய மாத்திட்டீங்களா சார்?"

"அஞ்சு வயசுல. சொன்னா கேக்கல. துண்டால கட்டி வச்சேன்."

அந்தத் துண்டு மிருதுளாவுக்கு ஞாபகம் இருந்தது. அதை ஒரு விளையாட்டென்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தாள்.

"போதும், குடு" என்று அப்பா எழுந்துவந்து கையை நீட்டினார். அவள் குனிந்து அடுத்த பந்தை வைத்தாள்.