மூடி திறக்கும் முன்

ஸ்டோர் ரூம் கதவுக்குப் பின்னால், அரிசி மூட்டைக்கும் ஓடாத மின்விசிறிக்கும் நடுவில், மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருந்தேன்.

கதவிடுக்கு வழியாக அடுப்படி முழுவதும் தெரிந்தது. மேடையில் மூடி போட்ட பெரிய பாத்திரம். உள்ளே கோழிக்கறி.

பக்கத்துக் குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம். என் வீட்டுக்காரர் குளிக்கப் போய்விட்டார். இந்த இடைவெளியில்தான் ஏதோ நடக்கிறது. இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை.

போன ஞாயிறு கறி உப்புக் கரித்தது. அதற்கு முந்தின ஞாயிறும் அப்படித்தான். கடை உப்பில் கோளாறோ என்று பாக்கெட்டைக்கூட மாற்றிப் பார்த்துவிட்டேன்.

ஆஸ்பத்திரி கேன்டீனில் ஆயுசு முழுக்கச் சமைத்தவர் அவர். ஓய்வு பெற்ற பிறகு இந்த ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு ஒன்றுதான் மிச்சம். எதிர்வீட்டு டீச்சரும், என் வீட்டுக்காரருடைய பள்ளிக்கூடக் காலத்துச் சிநேகிதர் நெட்டை அண்ணனும் வந்து உட்கார்ந்து, ஒரு வாய் வைத்துவிட்டுத் தலையாட்டினால் போதும். அடுத்த ஞாயிறு வரை மனிதர் நிமிர்ந்து நடப்பார்.

அந்தக் கைக்கு இருக்கிற பேர் போய்விட்டால் ஆளே ஒடுங்கிவிடுவார். எனக்கு அந்தப் பயம்தான்.

அவர் சமையலில் ஒரு சட்டம் உண்டு. கறியை இறக்கி மூடிவிட்டால், அவரே வந்து திறக்கும் வரை யாரும் ருசி பார்க்கக் கூடாது. அவசரப்பட்டுக் கரண்டியை நாக்கில் வைத்த ஒருவனைக் கேன்டீனை விட்டே துரத்தியிருக்கிறார்.

இதில் கூத்து என்னவென்றால், அப்படிக் கரித்த கறியைச் சாப்பிட்டுவிட்டு டீச்சர் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள், பிரமாதம் என்றாள். நெட்டை அண்ணன் கண்ணில் நீர் வர வர இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கரித்ததைக் கரித்தது என்று சொல்ல இவர்களுக்கு என்ன தயக்கம்? அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது.

நானும்தான் வாயைத் திறக்கவில்லை. அது வேறு விஷயம்.

பின்கதவு மெல்லத் திறந்தது. டீச்சர்.

என் பிரசவத்தின்போது ஆஸ்பத்திரித் தரையில் எனக்காகப் படுத்துக் கிடந்தவள். என் வீட்டுச் சாவி ஒன்று எப்போதும் அவள் வீட்டு ஆணியில் தொங்கும். இவளா?

கையில் காலிக் கிண்ணம், கேட்டால் சொல்வதற்கு ஒரு சாக்கு. கிண்ணத்தை மேடையில் வைத்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். மூடியைத் தூக்கினாள். கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து வெள்ளையாக எதையோ கொட்டி, சத்தம் வராமல் கிளறி, மூடினாள். வந்த வழியே போய்விட்டாள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அடிப்பாவி, உன்னையா கூடப்பிறந்தவளாக நினைத்தேன்? போன மாதம் துணிக்கொடியை அவள் ஜன்னல் பக்கம் கட்டியதற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாளே, அதற்குப் பழியா?

நான் கதவைத் தள்ளுவதற்குள் கூடத்துப் பக்கமிருந்து நெட்டை அண்ணன் வந்தார். நிலை இடிக்காமல் தலையைக் குனிந்து, பூனை மாதிரி. நேரே அலமாரிக்குப் போனார். உப்பு ஜாடியை எடுத்தார். ஒரு பிடி அள்ளிப் பாத்திரத்தில் போட்டார்.

ஆக, கூட்டுச் சதி. என்னையும் அவரையும் உட்கார வைத்துக்கொண்டே இத்தனை நாள் சிரித்திருக்கிறார்கள்.

அந்த நேரம் பார்த்து, கிண்ணத்தை மறந்துபோன டீச்சர் திரும்பி வந்தாள்.

இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். அவள் அவர் கையிலிருந்த ஜாடியைப் பார்த்தாள். அவர் அவள் கைக்குட்டையில் ஒட்டியிருந்த உப்பைப் பார்த்தார். சதிகாரர்கள் ஒருவரையொருவர் பார்த்து இப்படித் திருதிருவென்று விழிப்பார்களா?

நெட்டை அண்ணன்தான் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"மழை நேரத்துல காய்ச்சல்ல படுத்தான் இல்ல, அதுலேருந்து அவனுக்கு நாக்குல ஒண்ணுமே தெரியல டீச்சர். உப்பே போடறதில்ல. தங்கச்சி காதுல மட்டும் விழுந்துடக் கூடாது, தாங்க மாட்டா."

டீச்சர் கைக்குட்டையால் கண்ணைத் துடைக்கப் போய், உப்பு பட்டு எரிந்து, இன்னும் அழுதாள். அவளும் எனக்குத் தெரியக் கூடாது என்றுதான் பின்கதவு வழியாக வந்து போயிருக்கிறாள்.

தங்கச்சிக்குத் தெரியாதாம்.

அவர் டீயில் நான் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுக் கொடுத்த அன்று, கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு டம்ளரை நீட்டினாரே, அன்றே எனக்குத் தெரியும். இன்றைக்கும் அவர் துண்டை எடுத்துக்கொண்டு நகர்ந்ததும் முதலில் மூடியைத் தூக்கி உப்புப் போட்டவள் நான். நாக்கில் வைக்காமலே என் கை அளவு தப்பாது. அதற்கு மேல் யார் போடுகிறார்கள் என்று பிடிக்கத்தான் இந்தக் கதவுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

பிடித்தாயிற்று. இனி என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

வெளியே போய் இரண்டு பேரையும் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது. இன்றைக்கும் அந்தக் கறியை நாங்கள்தானே தின்ன வேண்டும் என்று நினைத்தபோது சிரிப்பும் வந்தது. வாயை இறுகப் பொத்திக்கொண்டேன். எங்களுக்குள் எது உடைந்தாலும் பரவாயில்லை, இது அவருக்கு மட்டும் தெரியவே கூடாது.

குளியலறையில் தண்ணீர் நின்றது. டீச்சர் பதறிக் கிண்ணத்தை எடுத்தாள். நெட்டை அண்ணன் ஜாடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்கவில்லை. சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்தே அவர் ஒருமுறை கனைத்தார்.

"எல்லாரும் போட்டாச்சா? நான் வரலாமா?"