ஒரு பூ போடத் தெரியலையாம்!

"மூணு மாசம் கழிச்சு வந்து 'எனக்கு வரல மாமி'ன்னா என்ன அர்த்தம் பூமாரி?"

கேட்டுட்டேன். மாதுங்காவுல எங்க மாதர் மன்றம் மீட்டிங்ல, இருபது பேர் நடுவுல நிக்க வெச்சுக் கேட்டுட்டேன். பின்னே என்ன, கொஞ்சச் சொல்றேளா?

பூமாரி தாராவிக்காரி. கார்மென்ட்ஸ் ஒர்க்‌ஷாப்ல நாள் பூரா நின்னுண்டே நூல் வெட்டற வேலை. காலு ரெண்டும் வீங்கிப் போச்சு, வீட்டோட ஏதாவது தொழில் பண்ணணும்னு மன்றத்துக்கு வந்தா. எனக்கு மனசு கேட்கலை. தலைவின்னு பேர் சாதனாவுக்கு. ஆனா மன்றத்துப் பணத்துல இவளுக்கு மெஷின் வாங்க, வெயில்ல குர்லா வரைக்கும் போய்ப் பார்த்தது யாரு? நான்.

கடைக்காரர் தாஹிர், "தையலுக்கு ஒண்ணு, எம்ப்ராய்டரிக்கு ஒண்ணுன்னு தனித்தனியா வாங்குங்க மேடம்"னார்.

"நன்னா சொன்னேள் போங்கோ! அவ இருக்கறது பத்துக்குப் பத்து ரூம். ரெண்டு மெஷினை உள்ளே வெச்சுட்டு அவ எங்கே படுப்பா? ரெண்டு வேலையும் பண்ற ஒரே மெஷினா காட்டுங்கோ"ன்னேன்.

யாருக்குத் தோணும் இதெல்லாம்?

மெஷினோட விட்டேனா? செம்பூர்ல ஒரு ஸ்கூல்ல பேசி, யூனிஃபார்ம் சட்டைக்கு பேட்ஜ் போடற ஆர்டரும் வாங்கி வெச்சேன். ஒரே ஒரு நிபந்தனை. இன்னிக்கு மீட்டிங்ல எம்ப்ராய்டரி சாம்பிள் காட்டணும். இல்லேன்னா மெஷினும் ஆர்டரும் அடுத்த ஆளுக்கு.

இவ என்ன கொண்டுவந்தா தெரியுமோ? பைப்பிங் வெச்ச ப்ளவுஸ் ஒண்ணு, குழந்தை ஃப்ராக் ஒண்ணு, ரெண்டு பாவாடை. தையல் என்னமோ நன்னாத்தான் இருந்தது. அதுக்கு இவ்வளவு பெரிய மெஷின் எதுக்கு?

"பூ எங்கே பூமாரி? ஒரே ஒரு பூ?"

அவ என் மூஞ்சியையே பார்த்துண்டு நின்னா.

"இதுல என்ன கம்பசூத்திரம்? திரையில டிசைனைத் தொட்டா போறும், மெஷினே போட்டுடும். இதோ பார்"னு என் கையை நீட்டினேன். ப்ளவுஸ் கையில மயில். தோகை விரிச்சு, அஞ்சு கலர்ல. "எனக்கு அம்பத்தெட்டு வயசு. முதல் நாள் நூல் அறுந்துண்டே இருந்தது. ரெண்டாம் நாள் அடியில தாள் வைக்காம ஃப்ரேம்ல பூட்டி, துணியே சுருங்கிப் போச்சு. விட்டேனா? ஒரே வாரத்துல கத்துண்டேன்!"

அவ்வளவு பேரும் எழுந்து வந்து மயிலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தா.

சாதனாவுக்கு எப்பவுமே இளகின மனசு. "பூமாரி, மெஷின்ல ஏதாவது கோளாறா? பயப்படாம சொல்லுங்கோ"ன்னா.

"மெஷின்ல ஒரு கொறையும் இல்ல மேடம். என்னாலதான் கத்துக்கிட முடியல."

"அகிலாண்டம் மாமி, இன்னும் ஒரு மாசம் டயம் கொடுத்துப் பார்க்கலாமே?"ன்னா சாதனா.

எனக்கு வந்ததே கோபம்! "எதுக்கு? ஸ்கூல்காரா காத்துண்டிருப்பாளா? இப்படி இடம் கொடுத்துக் கொடுத்துத்தான் இவா உருப்படாமப் போறா!"

எல்லாரையும் கை தூக்கச் சொன்னேன். மெஷின், அடுத்தபடியா பேர் கொடுத்திருந்த மாரிசெல்விக்குன்னு முடிவாச்சு. பேட்ஜ் ஆர்டரும் அவளுக்குத்தான்.

பூமாரிக்குக் கண்ணு கலங்கிடுத்து. கொண்டுவந்த துணியெல்லாம் மடிச்சுப் பையில வெச்சுண்டே, "ஒர்க்‌ஷாப்ல திரும்பச் சேத்துக்கிடுவாகளான்னு நாளைக்கே போய்க் கேக்கணும்"னு யார்கிட்டயோ சொல்ற மாதிரி சொன்னா. அழுதா ஆச்சா? கத்துக்கணும்கற அக்கறை முன்னாடியே இருந்திருக்கணும்.

மீட்டிங் முடிஞ்சு இறங்கறேன், படிக்கட்டுல நிக்கறா. பக்கத்துல யாரும் இல்லையான்னு பார்த்துண்டு, மெள்ளச் சொன்னா.

"மாமி, மாரிசெல்விக்காவது அந்த எம்ப்ராய்டரி பாகத்தைக் குடுத்துருங்க. எனக்குன்னு நீங்க அலைஞ்சு வாங்கித் தந்த மெஷினு. அதான் அத்தன பேரு முன்னால உங்களக் கைகாட்ட எனக்கு மனசு வரல."

திமிரைப் பார்த்தேளா!

நான் என்ன திருடிண்டா போயிட்டேன்? தாஹிர் எங்காத்துல வெச்சு பூமாரிக்கு டெமோ காட்டினாரோன்னோ, அன்னிக்கு மெஷின் பக்கத்துல மாட்டற அந்தப் பாகத்தை மட்டும் கழட்டி எடுத்து வெச்சுண்டேன். அது இல்லேன்னா மெஷின் வெறுமனே தைக்கும், எம்ப்ராய்டரி ஒரு புள்ளிகூட விழாது, வாஸ்தவம்தான். ஆனா என்கிட்ட இருக்கறதும் அதே மாடலாச்சே? இந்தப் பாகம்தானே நான் வாங்கலை? எம்பொண்ணு மானசாவுக்குத் தையில கல்யாணம். எல்லாருக்குமா பதினோரு ப்ளவுஸ். எட்டு முடிஞ்சாச்சு. இன்னும் மூணே மூணு, அதுவரைக்கும் பொறுத்துக்கக் கூடாதா?

அப்படியே கொடுத்திருந்தாலும், இவ கத்துண்டு கிழிச்சிருப்பாளாக்கும்!