புது கேஷியரின் காபி

"எங்க ஆபீஸ் புது கேஷியர் பொண்ணு கலக்குற கோல்ட் காபி இருக்கே, அடடா!" என்று கணவன் மூன்றாம் முறையாகச் சொன்னதும் அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது.

காபித்தூளைக் கரகரப்பாக அரைத்து, பச்சைத் தண்ணீரில் பதினாறு மணி நேரம் ஊறவைத்து, துணியில் இரண்டு தடவை வடிகட்டி, கோல்ட் காபியாகப் பாட்டிலில் தினமும் ஆபீஸுக்குக் கொடுத்தனுப்புகிறவள் அவள்.

"என்னோடது எப்படியிருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு" என்றவன் பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

காபியோடு நின்றால் சரி. இது எங்கே போய் முடியுமோ?

மறுநாள், அவன் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைச் சாக்காக வைத்து அலுவலகத்துக்கே போய்விட்டாள். கணவன் மீட்டிங்கில் இருந்தான். கேஷியர் சிரித்த முகமாக ஒரு தம்ளரை நீட்டினாள். பாவி, அமிர்தமாக இருந்தது!

"எப்படிம்மா போடுறே?" என்று கேட்டாள்.

"நான் எங்கேக்கா போடுறேன்? உங்க சார்தான் தினமும் ஒரு பாட்டில் டிகாக்‌ஷனைக் குடுத்து, கசக்குது, கொட்டிடுன்னு சொல்வார். எனக்கு மனசு வராது. அதை அப்படியே குடிச்சா கசக்காதா? ரெண்டு பங்கு பால், கொஞ்சம் சர்க்கரை சேர்த்து எல்லாருக்கும் குடுத்துடுவேன்."

அப்போது கணவன் வந்தான்.

"குடிச்சியா? இந்த ருசி நம்ம வீட்டுல ஒருநாளாவது வருமா?"

"வரும்ங்க" என்றாள் அவள். "இத்தனை நாளா அதைத்தான் கொட்டச் சொல்லியிருக்கீங்க!"